எண்ணெய் குறையாத இஞ்சின்

பாத்து வாங்க தம்பி, வெள்ளம் ஏறி எறங்குன கரை, வழுக்கும். பைய எங்கிட்ட குடுங்க. அட, குடுங்கங்கறேன். பட்டுக்கோட்டையிலேந்து பஸ்ஸுல நின்னுக்கிட்டே வந்திருக்கீங்க, இதயும் நீங்களே தூக்கணுமா? ஸ்பேனரு கனம் எனக்குப் புதுசா என்ன? இந்த வாய்க்கால்ல மொத மொத இஞ்சின் போட்டு ஓட்டுனவன் நான். லாஞ்சு காத்தையன்னு கேட்டா சின்னப்புள்ள கூட கை காட்டும்.

டீக்கடையில எவனாச்சும் வாயத் தொறந்தானா? நீங்க சிரிக்கிறதப் பாத்தாலே தெரியுது. என்னா சொன்னானுவ? கெழவன் மருமவன கொன்னுட்டான்னு சொன்னானுவளா? சொல்லுவானுவ. இஞ்சின்னா மேல கீழ எதுன்னு தெரியாது, பேச்சு மட்டும் பெரிய பேச்சு. அதுக்குத்தான் வெளியூர் ஆளா வேணும்னு உங்களக் கூப்பிட்டது. உள்ளூர்ல ஒருத்தன் கூட எனக்கு நல்லது பேச மாட்டான்.

வெவரத்தச் சொல்லிடுறேன், கொட்டாய்க்குப் போக இன்னும் கொஞ்சம் நடக்கணும். எனக்கு ஒரே மவ, தையல்நாயகி. அவ ஆத்தா இவ பால் குடிக்கிறப்பவே போய்ச் சேந்துட்டா. நாந்தான் தலை பின்னி, சோறு ஊட்டி, எல்லாம் பாத்தேன். வளவன்னு எங்க அக்கா மவன், அவனுக்கே கட்டிக் குடுத்தேன். ரெண்டு பேரும் என் வீட்லதான் இருந்தாங்க. காணும் பொங்கலன்னிக்கு எங்க மோட்டார் போட்டு கவுந்து அவன் போயிட்டான். கருமாதி முடிஞ்ச அன்னிக்கே இவ பொட்டியத் தூக்கிக்கிட்டு எங்க அக்கா வீட்டுக்குப் போயிட்டா. அதுலேந்து என் மூஞ்சியப் பாக்கறது இல்ல.

ஆள் மேல ஆள் விட்டேன். கடைசியா ஒரு வார்த்த சொல்லி அனுப்புனா. "இஞ்சின தெரிஞ்ச ஆள வச்சு எங்கண்ணு முன்னாடி பிரிக்கச் சொல்லுங்க. இஞ்சின் தானா கெட்டுச்சுன்னு அவரு சொன்னா, அன்னிக்கே வீட்டுக்கு வந்து ஒல வைக்கிறேன். இல்லன்னா எனக்கு அப்பன் கெடயாது." இவ்வளவுதான் தம்பி. இன்னிக்கி வர்றா. நீங்க பிரிச்சுப் பாத்து, உள்ளதச் சொல்லுங்க, போதும். பொய் சொல்லச் சொல்லல. உள்ளதச் சொன்னாலே என் மவ எனக்குக் கெடச்சிடுவா. ராத்திரி கதவ சாத்துறப்ப வீடு என்னமா கெடக்கு தெரியுமா? ஒத்தையில ஆக்கித் தின்னு தின்னு நாக்கே செத்துப் போச்சு.

சரி, இஞ்சின் கதைக்கு வர்றேன். அது லாரி இஞ்சின். ஒடைக்கப் போன லாரிலேந்து வாங்கி போட்டுல எறக்குனேன். முத்துப்பேட்டைக்கு அலையாத்திக் காடு பாக்க வர்ற சனத்த ஏத்திக்கிட்டு, இந்த வாய்க்கால் வழியா லகூனுக்குப் போறது, அங்கேந்து முகத்துவாரம் ஓரமா மணல் திட்டுல எறக்கி விடுறது, பொழுது சாயறதுக்குள்ள திரும்பக் கொண்டாந்து விடுறது. அதான் நம்ம தொழிலு. இஞ்சினோட சேத்து லாரியோட டேஷ்போர்டயும் கழட்டி மாட்டுனேன், பாக்க அம்சமா இருக்கட்டுமேன்னு. அதான் நான் செஞ்ச முட்டாத்தனம். அந்த டேஷ்போர்டுலதான் இருந்துச்சு அந்தச் சனியன் புடிச்ச செவப்பு லைட்டு.

ஆயில் பிரஷரு கொறஞ்சா எரியுற லைட்டு. உங்களுக்கு நான் சொல்லணுமா? போன ஆவணியில ஒரு நா, லகூன்லேந்து திரும்பி வாய்க்காலுக்குள்ள நுழையறேன், ரேஸக் கொறைக்கிறேன், மினுக்குன்னு ஒரு மினுக்கு. ரேஸு குடுத்தா நின்னு போவுது. கொறச்சா திரும்ப மினுக்குது. கூடவே ஒரு பஸ்ஸரு வேற, கீ கீன்னு. ஒரு பொம்பள, மெட்ராஸுக்காரி, புள்ளையக் கட்டிப் புடிச்சிக்கிட்டு போட்டு முழுவப் போவுதுன்னு கத்துனா பாருங்க! அன்னிக்கே பஸ்ஸரு ஒயரப் புடுங்கிப் போட்டேன். சவாரிக்கு வந்தவங்கள பயமுறுத்துற சாமான் எதுக்கு?

ஆனா ஒண்ணு, நான் பாக்காம விட்டேன்னு மட்டும் சொல்லாதீங்க. கரைக்கு வந்த ஒடனே எண்ணெய் அளவு பாக்குற குச்சிய உருவிப் பாத்தேன். எண்ணெய் எவ்வளவு இருந்துச்சுங்கறீங்க? மேல் கோட்டத் தாண்டி இருந்துச்சு! எண்ணெய் கொறைஞ்சால்ல பிரஷரு கொறையும்? எண்ணெய் நெறைய இருக்கு, லைட்டு எரியுது. அப்ப பொய் சொல்றது யாரு? லைட்டுதானே?

இன்னொண்ணும் கேளுங்க. பக்கத்துப் போட்டு ஜமாலு, வாரத்துக்கு ஒரு டப்பா எண்ணெய் ஊத்துவாரு. ஊத்தி ஊத்தி பொலம்புவாரு. என் இஞ்சினு ஒரு சொட்டு குடிக்காது தம்பி. குடிக்காததோட போச்சா? ஏறும்! போன வாரம் கோட்டுல இருந்த எண்ணெய் இந்த வாரம் கோட்டுக்கு மேல நிக்கும். "எப்படிங்க காத்தையன், எங்களுக்கும் அந்த வித்தையச் சொல்லுங்க"ன்னு ஜமாலே வாயப் பொளந்துட்டாரு. எல்லாம் காமாச்சியம்மன் குடுக்கறதுன்னு சொன்னேன். பெருமையாத்தான் இருந்துச்சு, ஏன் மறைக்கணும்?

வளவனுக்குத்தான் அது புடிக்கல. நல்ல பையன்தான், கொறை சொல்லல. மீசைய முறுக்கிக்கிட்டு செல்போன்ல மூஞ்சி பாத்துக்கிட்டே நிப்பான். ஆனா ஒண்ணப் புடிச்சா விட மாட்டான், நைநைன்னு நச்சரிப்பான். குச்சிய உருவுவான், வெரல்ல எண்ணெயத் தொட்டுத் தேய்ப்பான், மோந்து பாப்பான். "மாமா, எண்ணெய் தண்ணியா இருக்கு. டீசல் வாடை வருது. டீசலு எண்ணெயில எறங்குது, அதான் ஏறுது"ம்பான்.

டீசல் இஞ்சின்ல டீசல் வாடை வராம பன்னீர் வாடையா வரும்னு கேட்டேன். ஜமாலு, அவரு ஆளுங்க எல்லாரும் கொல்லுன்னு சிரிச்சாங்க. அவன் மூஞ்சி செத்துப் போச்சு. வெளாட்டுக்குச் சொன்னதுதான். மாமன் மருமவனுக்குள்ள இதுகூடப் பேசக் கூடாதா?

அப்பறம் நான் சும்மா இருந்தேன்னு நெனைக்காதீங்க. இஞ்சின்லேந்து அந்த லைட்ட எரிய வைக்கிற ஆயில் சுவிட்சு புதுசு வாங்கி மாட்டுனேன். அப்பவும் மினுக்குச்சு. எலக்ட்ரீசியன் வந்து ஒயரு பூராவும் மாத்துனான். அப்பவும் மினுக்குச்சு. சரின்னு கெட்டி எண்ணெய் ஊத்துனேன், டிராக்டரு கியருக்கு ஊத்துவாங்கள்ல, பாகு மாதிரி, அது. ஊத்துன ஒடனே லைட்டு கப்புனு நின்னு போச்சு. எங்கடா உன் டீசலுன்னு அவனக் கேட்டேன். ஒரு வாரம் ஓடுச்சு. அப்பறம் திரும்பவும் ஆரம்பிச்சிருச்சு. இஞ்சின் சூடானா மினுக்குன்னு. எனக்கு ரத்தம் கொதிக்கும்.

அவன் என்ன பண்ணான், யாருகிட்டயோ போயி பிரஷரு காட்டுற மீட்டரு ஒண்ணு வாங்கியாந்தான். சுவிட்சக் கழட்டிட்டு அந்த எடத்துல மாட்டி ஓட்டுறான். காலையில முள்ளு நல்லா நிக்குது. வெயில் ஏற ஏற, இஞ்சின் சூடேற ஏற, முள்ளு சரிஞ்சு கீழ படுக்குது. "பாத்தீங்களா மாமா, லைட்டு பொய் சொல்லல"ங்கறான். எங்கேந்து கொண்டாந்த மீட்டருடா இதுன்னு கேட்டேன். டிராக்டர்லேந்து கழட்டுனதாம்! வயல்ல ஓடுறதோட மீட்டருக்குத் தண்ணியில ஓடுறதப் பத்தி என்ன தெரியும்? கழட்டிக் கொண்டு போயி குடுத்துட்டு வாடான்னுட்டேன். சரிதானே நான் கேட்டது?

சரி, பாத்துட்டே சொல்லுங்க.

ஆயுத பூசை வந்துச்சு. எங்க தொழில்ல அன்னிக்கு போட்டக் கழுவி, இஞ்சினத் தொடச்சு, மாலை போட்டு, எல்லாத்துக்கும் சந்தனம் குங்குமம் வைப்போம். ஸ்டீரிங்கு, கியரு, பேட்டரி, நங்கூரம் எதயும் விட மாட்டோம். நான் அந்த செவப்பு லைட்டு மேலயும் வச்சேன். நல்லா தடிமனா சந்தனம், அதுக்கு மேல குங்குமம். காமாச்சி, இது இனிமே உன் கண்ணு, நீ பாத்துக்கன்னு மனசார கும்புட்டுத்தான் வச்சேன். அதுலேந்து ஒரு தொந்தரவும் இல்ல தம்பி! மினுக்கறது நின்னே போச்சு. வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம புதுசா வைப்பேன், காஞ்சு உதுந்துடக் கூடாது பாருங்க.

இவன் அத ஒரு நா ஈரத் துணியால தொடச்சுட்டான். வந்துச்சு பாருங்க எனக்குக் கோவம்! சாமிக்கு வச்ச பொட்ட அழிக்கிறவன் வெளங்குவியாடான்னு கேட்டுட்டேன். தையலு அப்ப சோத்துத் தூக்கோட கரையில நின்னுக்கிட்டு இருந்தா. அவ மூஞ்சி மாறிப் போச்சு. வீட்டுக்குப் போயி அவன்கிட்ட என்னா பேசுனாளோ, அதுக்கப்பறம் அவன் அதத் தொடல. சொன்ன பேச்சு கேக்குற புள்ளதான். அதத்தான் நான் எல்லார்கிட்டயும் சொல்றேன், என் பேச்ச அவன் தட்டுனதே கெடயாது.

பொங்கலுக்கு முன்னாடி ஒருக்கா வந்து கேட்டான். "மாமா, டீசல இழுத்துக் குடுக்குற ஃபீட் பம்புக்குள்ள இருக்குற ரப்பரு கிழிஞ்சு போயிருக்கும்னு நெனைக்கிறேன். டீசல அதான் எறக்குது. புது ரப்பரு வாங்கியாந்துட்டேன். ஒரு நா போட்ட நிறுத்துங்க, மாட்டிட்டு எண்ணெயயும் மாத்திர்றேன்"ன்னான். நான் மாட்டேன்னு சொல்லல. பொங்கல் முடியட்டும்டான்னுதான் சொன்னேன். நீங்களே சொல்லுங்க, வருசத்துல கூட்டம் வர்றதே அந்த நாலு நாளு. அப்ப போயி போட்டத் தூக்கிக் கரையில போடுறவன் தொழில்காரனா?

இருங்க, இந்தப் பலகை ஆடும். நான் மொதல்ல போறேன், என் தோளப் புடிச்சுக்கங்க. ம். அந்தா தகரக் கொட்டாய் தெரியுதுல்ல, அங்கதான் கெடக்கு இஞ்சினு. அவளும் வந்துட்டா போலருக்கு. ஆமா, அவதான், அந்த நீலப் பொடவ. மெதுவா நடங்க தம்பி. நான் சொல்லி முடிச்சிர்றேன். அவ முன்னாடி என்னால இதச் சொல்ல முடியாது.

காணும் பொங்கலு. காலையிலேந்து நட மேல நட. இஞ்சினு ஓட்டம்னா ஓட்டம். மத்தியானம் மணல் திட்டுல எறக்கி விட்ட சனத்த ஏத்தியாரப் போறோம், போட்டுல நானும் அவனுந்தான். வாடைக் காத்து, முகத்துவாரத்துல அலை வெள்ள வெள்ளையா ஒடையுது. வத்தம் வேற, லகூன் தண்ணி பூரா கடலப் பாத்து இழுக்குது. அப்ப இஞ்சினுக்குள்ள ஒரு சத்தம். டொக்கு டொக்குன்னு, யாரோ உள்ளேந்து கதவத் தட்டுற மாதிரி. "மாமா நிறுத்துங்க, ஓரங்கட்டுங்க, லைட்டப் பாருங்க"ன்னு கத்துறான். நான் பாத்தேன் தம்பி. எங்கண்ணால பாத்தேன். லைட்டு எரியல. சத்தியமா எரியல. பொட்டு வச்சது வச்சபடி இருந்துச்சு. எரியலடா, அந்தப் பக்கம் போயிரலாம்னு ரேஸக் குடுத்தேன்.

கிறீச்சுன்னு ஒரு சத்தம். நின்னு போச்சு. அவ்வளவுதான். கல்லு மாதிரி எறுவிக்கிச்சு.

நங்கூரம் போட்டேன், சேத்துல உழுதுக்கிட்டே வருது. போட்டு குறுக்கால திரும்பிருச்சு. வளவா, கீழ இஞ்சின் குழிக்குள்ள எறங்கி கடப்பாறையப் போட்டு நெம்புடா, ஒரு சுத்து சுத்திட்டா புடிச்சுக்கும்னு சொன்னேன். எறங்குனான். எறுவுனது சுத்தாது மாமா, மேல வர்றேன், நீஞ்சிருவோம்னு ஒரு தரம் தலைய நீட்டுனான். சுத்துற வரைக்கும் மேல வராதடான்னு சொன்னேன். திரும்ப எறங்கிட்டான். நான் சொன்னா மறுபேச்சு கெடயாது, அதான் சொன்னேனே.

மொத அலையிலயே போட்டு ஒரு பக்கமா படுத்துருச்சு. ரெண்டாவது அலையில கவுந்துருச்சு. நான் டீசல் கேனப் புடிச்சுக்கிட்டு மெதந்தேன். வளவா வளவான்னு கத்துனேன், வாயெல்லாம் உப்புத் தண்ணி. அந்தப் பய இந்த லகூன குறுக்க நீஞ்சிக் கடப்பான் தம்பி. நீச்சல் தெரியாம சாவல. ஜமாலு போட்டுக்காரங்கதான் என்னத் தூக்குனாங்க. போட்டு சாயங்காலம் திட்டுல ஒதுங்குச்சு. நிமுத்திப் பாத்தா உள்ளதான் கெடந்தான், கடப்பாறைய விடாம. வெரல ஒவ்வொண்ணா பிரிச்சுதான் எடுத்தோம். நான் அழுத அழுவை இந்த ஊருக்கே தெரியும். அதயும் நடிப்புங்கறானுவ.

வா தையலு. இளச்சுப் போயிட்டியேம்மா. அத்த சோறு போடுறாளா இல்லியா? இவருதான் மெக்கானிக்கு. எனக்கு முன்ன பின்ன தெரியாதவரு, நீயே கேட்டுக்க. அந்த ஸ்டூல்ல ஒக்காரு. நிக்கிறியா, சரி நில்லு.

இதாங்க தம்பி இஞ்சினு. அப்பறம் யாரும் கை வைக்கல. எங்க ஆரம்பிக்கிறீங்க? கீழ ஆயில் பம்பத் தொறந்து பாருங்க, அங்கதான் கோளாறு இருக்கும். லாரிக்காரன் ஏமாத்தித் தள்ளிட்டான், வேற என்ன. என்னா, அத ஏன் கழட்டுறீங்க? அது டீசல் பம்பு தம்பி. நமக்குத் தகராறு எண்ணெயில. இல்ல, நீங்க பாருங்க, உங்க தொழிலு. நான் எதுக்கும் குறுக்க நிக்க மாட்டேன். நல்லாவே பாருங்க. அவளும் பாக்கட்டும்.

அதான் ரப்பரா?

கிழிஞ்சிருக்கா? எங்க காட்டுங்க. ஆமா, ஓரமா நகம் அளவு கிழிஞ்சிருக்கு. அது கடல்ல கெடந்துச்சுல்ல, உப்புத் தண்ணியில கிழிஞ்சிருக்கும். பழைய கிழிசலா? அது எப்படிங்க அவ்வளவு உறுதியாச் சொல்றீங்க? சரி, பழசாவே இருக்கட்டும், இந்தச் சின்ன ஓட்டை வழியா டீசல் எவ்வளவு எறங்கிரும்? எண்ணெயவே தண்ணியாக்கி, பேரிங்கயே எறுவ வச்சிருமா? வைக்குமா? தம்பி, கொஞ்சம் மெதுவாப் பேசுங்க. என்னப் பாத்துப் பேசுங்க, அவளப் பாத்து ஏன் பேசுறீங்க?

என்னம்மா அது முந்தானையில? அவிழ்த்துக் காட்டு. ஓ, வளவன் வாங்குன ரப்பரா! தம்பி, பாத்தீங்களா, பாக்கெட்டு கூட பிரிக்கல. சாமி மாடத்துல வச்சு, மேல பொட்டு வச்சிருக்கா. புதுசா எது வாங்குனாலும் பொட்டு வைக்காம எடுக்க மாட்டா. என் வளப்பு தம்பி, நான் சொல்லிக் குடுத்தது. எங்க, பழசு பக்கத்துல வை பாப்போம். போல்ட்டு ஓட்டைக்கு ஓட்டை அப்படியே ஒக்காருது! சரியான சைசுதான் வாங்கியிருக்கான் பய. கெட்டிக்காரன்தான், நான் எப்ப இல்லன்னு சொன்னேன்?

எங்கம்மா போற? தையலு! அவரு இன்னும் பாத்து முடிக்கலம்மா, பேரிங்கெல்லாம் இன்னும் பிரிக்கவே இல்ல. அந்த ரப்பர ஏன் எடுத்துக்கிட்டுப் போற, அத மாட்டிப் பாக்கலாம்ல? பலகை ஆடும், பாத்துப் போம்மா. தம்பி, ஸ்பேனர கீழ வச்சிட்டு அவகிட்ட ஒரு வார்த்த சொல்லுங்களேன். நீங்க சொன்னா கேப்பா. வேற ஒண்ணும் சொல்ல வேணாம். அந்த லைட்டு எரியலன்னு மட்டும் சொல்லுங்க.